ஸஹீதாவின் கூரையும் மஜீட் காக்காவின் போறணையும்

காத்தான்குடியில் ஸஹீதாவின் வீடும் மஜீட் காக்காவின் பேக்கரியும் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. பேக்கரிப் போறணையில் விறகு மூட்டினால் புகை முதலில் நுழைவது ஸஹீதாவின் தையல் அறைக்குள்தான். புருஷனுக்குக் கட்டார் நாட்டில் வேலை. அவள் அபாயா தைத்துக் கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். மூன்று வருடமாக மூச்சு இழுப்பு வேறு.

அந்தச் சித்திரையில் வெயில் கொளுத்தியது. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் வெக்கை. ஒரு பகல் தைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்துவிட்டு வந்தாள். வந்த கையோடு சுகாதாரப் பரிசோதகருக்கு முறைப்பாடு எழுதினாள். எழுதியபின் மனம் கேட்கவில்லை. அந்த இரண்டு நாளும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு அனுப்பியவர் மஜீட் காக்காதான். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டே கொடுப்போம் என்று கடிதத்தோடு பேக்கரிக்குப் போனாள்.

மஜீட் காக்கா வாசித்து முடித்தார். கோபப்படவில்லை.

"குடுங்க புள்ள, உங்கள்ல பிழை இல்ல. நானும் இந்தப் புகையத்தானே இருவத்தஞ்சு வருஷமாக் குடிக்கன். காட்டையும் எரிச்சிப்போட்டு மழை பிந்துது எண்டு அழுறம். கறண்ட் போறணை போட ஆசைதான். வெறும் லைன் கறண்டில ஓட்டினாக் கட்டுபடியாகா. சோலர் போடுவம் எண்டா, அங்கால கடை மூணு மாடி எழும்பி என்ட கூரைக்கு வெயிலே இல்ல."

ஸஹீதா வாசலுக்கு வந்து தன் வீட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ட மேல்தளம் சும்மாதானே கிடக்கு காக்கா. காலையில இருந்து பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் வெயில். அதுல போடுங்க."

"முறைப்பாட்டோட வந்த ஆள் கூரையத் தாறீங்களா?"

"புகை நிண்டா எனக்குக் காணும்" என்று கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.

புருஷன்தான் தொலைபேசியில் முரண்டு பிடித்தார். "கூரை ஒழுகினா ஆரு பாக்கிற?"

"கூரை ஒழுகினாச் சட்டி வைக்கலாம். மூச்சு நிண்டா என்னத்த வைக்கிற?" என்றாள். மறுமுனையில் அவர், "சரி, போடச் சொல்லு" என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து அவளுடைய மேல்தளத்தில் சோலர் பெனல்கள் ஏறின, பேக்கரிக்குக் கறண்ட் போறணை வந்தது. மஜீட் காக்கா விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முந்திச் சுட்டுவந்த பாணில் பாதியை உச்சி வெயிலுக்கு மாற்றினார், மீதியை லைன் கறண்டில் சுட்டார். முதல் வாரம் பாண் வெளிறிப் போனது. "இதென்ன, காய்ச்சக்காரன் மாதிரி இரிக்கி" என்று சனம் முணுமுணுத்தது. அவர் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, பத்தாம் நாள் நிறத்தைப் பிடித்துவிட்டார். விறகு லொறி அந்த ஒழுங்கைக்கு வருவது நின்றது.

ஐப்பசிக் கிளினிக்கில் டொக்டர் ஸஹீதாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, மருந்தைப் பாதியாக்கினார்.

மாரி மூட்டத்தில் போறணை பெரும்பாலும் லைன் கறண்டிலேயே ஓடியது. மஜீட் காக்கா பல்லைக் கடித்துச் சமாளித்தார், விறகுக்குத் திரும்பவில்லை. தை மாதம் வாழைச்சேனையிலிருந்து விநாயகமூர்த்தி என்ற பேக்கரிக்காரர் இதைக் கேள்விப்பட்டு வந்து, மேல்தளம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். ஸஹீதா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"எனக்கும் கூரை சின்னன், காணாது. பக்கத்து வீட்டாக்கள் தருவாங்களோ தெரியா" என்றார் அவர்.

மஜீட் காக்கா சிரித்தார். "முதல்ல அந்த வீட்டில ஆருக்கு இழுப்பு எண்டு விசாரிங்க. பிறகு கேளுங்க."