அழுகை டைரக்டர்

படங்கள் பேசாத காலத்தில் டைரக்டரான அவருக்குச் சோறு போட்டது அவருடைய தொண்டைதான். கேமரா ஓட ஓடப் பக்கத்தில் நின்று கத்துவார். "திரும்பு... கதவைப் பாரு... அவன் வரமாட்டான்... இப்பதான் உனக்குத் தெரியுது..." நடிப்பவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நடித்தார்கள். திரையில் அது கேட்காது என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. படங்களும் நன்றாக ஓடின.

பிறகு படங்கள் பேச ஆரம்பித்தன. அவரால் வாயை மூட முடியவில்லை. முதல் பேசும் படத்தில், காதலன் காதலியின் கையைப் பிடிக்கும் இடத்தில், "இன்னும் கிட்ட போடா மடையா" என்று அவர் குரல் கணீரென்று பதிவாகியிருந்தது. போட்டுப் பார்த்தபோது முதலாளியைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த படத்தை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். ஆனால் கதாநாயகிக்கு அழுகை வரவில்லை. இவர் பேசப் பேச அழுதே பழகியவள். கிளிசரின் போட்டால் தும்மல்தான் வந்தது. "அண்ணனைக் கூப்பிடுங்க. இல்லன்னா ஆளை விடுங்க" என்றாள். கூப்பிட்டார்கள். ஒலிப்பதிவுக்காரர் மைக்கை அணைத்துவிட்டு சிகரெட் பிடிக்கப் போனார். இவர் பேசினார், அவள் அழுதாள். வசனமில்லாத அந்தக் காட்சிக்குப் பின்னால் வயலின் சேர்த்துக்கொண்டார்கள்.

அதுவே பிழைப்பாகிப்போனது. எந்தப் படத்தில் யாருக்கு அழுகை வராவிட்டாலும் இவர் வீட்டுக்குக் கார் வரும். முதுகுக்குப் பின்னால் 'அழுகை டைரக்டர்' என்றார்கள். அவர் காதிலும் விழுந்தது. கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

அவர் சொன்னது எப்போதும் ஒரே கதை. காய்ச்சலில் போன அவருடைய மகளின் கதை. மஞ்சள் சட்டை போட்டிருந்தது, "அப்பா, தண்ணி" என்று கேட்டது, டம்ளரோடு திரும்பி வருவதற்குள் மூச்சு நின்றுபோனது. ஆரம்பத்தில் சொல்லும்போது அவரும் அழுதார். பிறகு எந்த இடத்தில் நிறுத்தினால் கண்ணீர் விழும் என்பது கைவந்துவிட்டது. வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும், மனது வீட்டுக்குப் போக கார் தருவார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். மனைவி அதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். விளக்குகளுக்குப் பின்னால் இருட்டில் நின்றாள். "...டம்ளரோட ஓடி வர்றேன்மா. குழந்தை கண்ணு திறந்தே இருக்கு..." கதாநாயகி விசும்பினாள். போதும் என்று கேமராமேன் தலையசைத்தார். இவர் திரும்பியபோதுதான் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாடியை அவர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நாளா நடக்குதா இது?"

"ம்."

"வீட்டுல அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களா? நான் பேச்செடுத்தாலே எழுந்து போயிடுவீங்க. உங்களால தாங்க முடியாதுன்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அவர் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"சட்டை மஞ்சள் இல்ல, பச்சை. தண்ணி கேட்டது என்கிட்ட. நீங்க அன்னைக்கு ஷூட்டிங்ல இருந்தீங்க."

மறுக்க வாயெடுத்தார். டம்ளரைப் பிடித்த ஞாபகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அதன் விளிம்பில் இருந்த நசுங்கல்கூட விரலில் தட்டியது. எந்தப் படத்தின்போது அதைச் சேர்த்தார் என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

"வேணும்னு மாத்தலை. சொல்லிச் சொல்லி..."

"தெரியும்" என்றாள். சட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கினாள்.

அடுத்த தடவை கார் வந்தபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த தடவையும் அப்படியே. பிறகு கார் வரவில்லை. தெரிந்தவர் ஒருவரின் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குப் போனார்.

"நடந்ததை நீ சொல்லேன்" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டார்.

"இன்னைக்கு முடியாதுங்க. அலுப்பா இருக்கு."

"சரி."

சில வாரங்கள் கழித்து, ஒரு மத்தியானம், அவளாகவே ஆரம்பித்தாள். டாக்டர் வந்த இடத்திலிருந்து. பாதியில் அடுப்பில் பால் பொங்கியது. போய் இறக்கி வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.