கரண்ட் போன பிறகு ஒரு பாட்டு

“நான் செத்துப்போனாலும் ஒரு பாட்டு முழுசுக்கும் இந்தத் தட்டு கரண்ட் இல்லாம சுத்தும் மாப்ளே. புள்ளி ஒண்ணுகூட அசையாது. அசைஞ்சா என் பேரை மாத்திக்கிறேன்.”

தைரியராஜ் இதைச் சொன்னபோது காலை ஏழரை மணி. பெயரை மாற்றிக்கொள்ள அவருக்கு இன்னும் கால் மணி நேரம்தான் பாக்கி இருந்தது.

“அப்ப எங்க ஆபீஸை இழுத்துப் பூட்டிட்டு உங்க கல்லறையிலேர்ந்து ஊருக்கே லைன் இழுத்துடலாம் அத்தான்” என்றார் பிலோமின்ராஜ். தைரியராஜின் மறைந்த மனைவிக்குத் தம்பி. ஸ்ரீரங்கத்தில் கரண்ட் ஆபீஸ் ஃபோர்மேன். தொட்டால் ஷாக் அடிக்காத எதையும் நம்பாதவர்.

சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த பேட்ரிசியா சிரித்துக்கொண்டாள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் சனிக்கிழமைதோறும் நடக்கிற சண்டைதான்.

அந்த ரிக்கார்டு பிளேயர் பக்கத்து வீட்டு ஷரபுன்னிசாவின் மகன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. பெல்ட் கிடையாது, மோட்டாரின் தலைமேலேயே தட்டு உட்கார்ந்திருக்கும். ‘டைரக்ட் டிரைவ்’ என்ற சொல்லை தைரியராஜ் மன்னார்புரம் முழுவதற்கும் ஓதிவிட்டிருந்தார். கீரைக்காரி இருளாயியை எழுப்பிக் கேட்டால்கூட விளக்கம் சொல்வாள். பொன்மலை ஒர்க்ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் இன்ஜினுக்கு மட்டம் பார்த்த ரசமட்டத்தை வைத்தே இதற்கும் மட்டம் பார்த்தார். டென்னிஸ் பந்துகளைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்து, அதன்மேல் கடப்பைக் கல், கல்லின்மேல் பிளேயர். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மலைக்கோட்டை அரை அங்குலம் தெற்கே சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தாராம். கோட்டைக்குச் சொல்லி அனுப்பவில்லை. வருத்தப்படும் என்று விட்டுவிட்டார்.

இவ்வளவும் ஒரே ஒரு சின்ன ரிக்கார்டுக்காக. ஐம்பத்தெட்டில் கோயில் பாட்டுக்குழுவைச் சென்னைக்கு அழைத்துப்போய்ப் பதிவு செய்தது. அதில் தனிக்குரல் அவர் மனைவி இருதயமேரி. பேட்ரிசியாவுக்கு மூன்று வயதாகும்போது அம்மா போய்விட்டாள். முகத்துக்குப் போட்டோ இருந்தது. குரலுக்கு இந்த ரிக்கார்டை விட்டால் வேறு வழியில்லை.

தொல்லை வேகத்தில் இருந்தது. தட்டின் விளிம்பைச் சுற்றிப் புள்ளிகள். பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, கரண்ட் துடிக்கிற வேகத்தில் துடிக்கும். வேகம் சரியாக அமைந்தால், சுற்றுகிற தட்டில் புள்ளிகள் மட்டும் நின்றுவிட்டதுபோல் தெரியும். ஆனால் கரண்ட்டின் துடிப்பே நாளுக்கு ஒரு விதம். அதை நம்பி வேகத்தைத் திருத்தினால் இருதயமேரி ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளையாகப் பாடினாள். மறுநாள் ஜலதோஷம் பிடித்த பிஷப்பாகப் பாடினாள்.

“உங்க கரண்ட் குடிச்சிட்டு நடக்குது மாப்ளே. இது அவ இல்ல” என்று ஊசியைத் தூக்கிவிடுவார் தைரியராஜ்.

எது அவள் என்று பேட்ரிசியாவுக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். ஆனால் ரிக்கார்டை எடுத்தாலே அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்.

அன்று காலை ஊசிக்கையை முதலிலிருந்து சரிசெய்துகொண்டிருந்தார் தைரியராஜ். பின்னால் இருக்கும் எடையைத் திருகித் திருகி, கை மேலும் போகாமல் கீழும் விழாமல் மிதக்கிற இடத்தைப் பிடிக்க வேண்டும். பிறகுதான் ஊசிக்கு ஒன்றரை கிராம் பாரம். கை மிதந்தது.

“பாருங்க” என்றார். நாற்காலியில் சாய்ந்தார்.

பேட்ரிசியா காபியோடு வந்தபோது அந்த மெல்லிய கை மட்டும் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் மார்பு ஏறவில்லை.

பதினோரு மணிக்குச் சவப்பெட்டி வந்தது. கூடம் சின்னது.

“அந்தக் கல்லைக் கொஞ்சம் நகர்த்துங்க, பெட்டி வைக்கணும்” என்றார் கோயிலிலிருந்து வந்திருந்த உபதேசியார் லூர்து.

“அப்பாவை வேணா தள்ளி வைங்க. அதைத் தொடாதீங்க” என்றாள் பேட்ரிசியா.

கூடத்தில் அழுதுகொண்டிருந்த ஏழு பெண்களும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். கடைசியில் பெட்டியைக் கோணலாகப் போட்டார்கள். தைரியராஜின் தலை கடப்பைக் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி வந்தது. தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றினார்கள்.

ஐந்து மணிக்கு அடக்கம். மூன்றுக்குச் சற்று முன்னால், ஜெபமாலை முடித்த பெண்களை ஷரபுன்னிசா டீ குடிக்கத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். வெயிலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் கூடம் மங்கிக் கிடந்தது. மாமாவும் மருமகளும் மட்டும் இருந்தார்கள். பேட்ரிசியா எழுந்து, உறையிலிருந்து ரிக்கார்டை எடுத்தாள்.

“சாவு வீட்ல பாட்டா? உனக்கும் உங்கப்பன் கிறுக்கு தொத்திக்கிச்சா?”

“ஒரே ஒரு தடவை மாமா. இதுதான் அம்மா குரலான்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க. அப்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டா, அதைச் சொல்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்.”

பிலோமின்ராஜ் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டார். இன்னொரு செருப்பை அவர் கால் தேடவில்லை.

அவள் எடையைத் திருகி ஒன்றரை கிராம் ஏற்றினாள். அப்பா வைத்த வேகத்தைத் தொடவில்லை. ஊசியை இறக்கினாள். புள்ளிகள் வழக்கம்போல இடப்பக்கம் ஊர்ந்தன. குரல் கனத்து, இழுத்து வந்தது.

“இது இல்ல” என்றார் மாமா, தன்னை மறந்து.

அப்போது கரண்ட் போயிற்று. அந்தக் கோடையில் தினமும் மூன்று மணிக்கு அப்படித்தான். மின்விசிறி தளர்ந்து நின்றது. ஸ்பீக்கர் ஊமையானது. சிவப்பு விளக்கு அணைந்தது.

தட்டு நிற்கவில்லை.

“மூணு சுத்துல நின்னுடும். ஒண்ணு... ரெண்டு... மூணு...” பிலோமின்ராஜ் இருபதுவரை எண்ணினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு, சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். தட்டு சுற்றியது.

“மாமா, புள்ளி.”

மெழுகுதிரிச் சுடருக்குக் கரண்ட்டின் துடிப்புக் கிடையாது. அந்த வெளிச்சத்தில் புள்ளிகள் ஒரு கோடாகக் கலங்கித்தான் தெரிய வேண்டும். அது ஃபோர்மேனுக்குத் தெரியாதா? ஆனால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக, ஜெபமாலை மணிபோல விரலால் எண்ணிவிடலாம் என்கிற மாதிரி, நின்றுகொண்டிருந்தது.

ஊசிமுனையிலிருந்தே குரல் வந்தது. ஸ்பீக்கர் இல்லாத, கொசு அளவுக் குரல். கேட்பதற்காக இருவரும் குனிந்தார்கள். மூன்று தலைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பாடுகிறவள் மூச்சை ஒரு சின்ன விக்கலோடு இழுத்தாள். அந்த இடம் வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே பிலோமின்ராஜும் அதேபோல மூச்சை இழுத்தார்.

பேட்ரிசியா அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

பாட்டு முடிந்தது. தட்டு மெதுவாகத் தளர்ந்து நின்றது. அவள் ஊசியைத் தூக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து விசிறி சுற்றத் தொடங்கியது. மெழுகுதிரி ஒருமுறை தலை சாய்த்து நிமிர்ந்தது.

உபதேசியார் லூர்து கல்லறைக்கு நடுகிற மரச்சிலுவையோடு உள்ளே வந்தார். குறுக்குக் கட்டையில் வெள்ளைப் பெயின்ட் இன்னும் காயவில்லை.

“பேரு சரியா இருக்கான்னு பாத்துடுங்க சார். ஆமா, கரண்ட் இல்லாதப்ப இங்க ஏதோ பாட்டுச் சத்தம் கேட்டாப்ல இருந்துச்சே? எனக்குத்தான் பிரமையா?”

பேட்ரிசியா மாமாவைப் பார்த்தாள். அவள் தைரியராஜின் மகள். சொன்னால் யார் நம்புவார்கள்?

பிலோமின்ராஜ் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார்.

“பிரமை இல்லீங்க. கேட்டுச்சு. எங்க அக்கா பாடுனா.”

பிறகு சிலுவையை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக நெடுநேரம் படித்தார்.

“பேரு இதேதான்” என்றார். “மாத்த வேண்டாம்.”