இனிப்பு கண்ட மண்

திங்கட்கிழமைச் சோதனைக்கு மூன்று கண்ணாடிக் குழாய்கள் போதும். ஒன்றில் நிலத்தடியிலிருந்து ஏற்றும் அழுக்குத் தண்ணீர். இன்னொன்றில் மண்படுகையைத் தாண்டி வந்த தண்ணீர். மூன்றாவதில் கரித்தொட்டியையும் தாண்டி வீடுகளுக்குப் போகும் தண்ணீர். மூன்றிலும் மருந்தைச் சொட்டவிட்டுக் காத்திருப்பேன். ஃபீனால் என்ற விஷம் இருந்தால் சிவக்கும். இல்லையென்றால் வெளிர்மஞ்சளாகவே நிற்கும்.

முதல் குழாய் எப்போதும் சிவக்கும். தார்த் தொழிற்சாலையை மூடி எத்தனையோ காலம் ஆகியும் அதன் கசிவு நிலத்தை விட்டுப் போகவில்லை. மற்ற இரண்டும் சிவந்து நான் பார்த்ததில்லை.

அன்று இரண்டாவதும் சிவந்தது. முதல் குழாயின் அதே சிவப்பு. மூன்றாவது, வெட்டுப்பட்ட விரலைக் கழுவிய தண்ணீர் போல இருந்தது.

மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். புதுப் புட்டி திறந்து, காய்ச்சி வடித்த சுத்தமான நீரில் விட்டுப் பார்த்தேன். மஞ்சள். குழாய்களைக் கழுவி மறுபடி செய்தேன். அதே நிறங்கள்தான் வந்தன.

அப்போதுதான் எலி சொன்னது நினைவுக்கு வந்தது.

எலி என்பது என் மகளின் செல்லப்பெயர். நான்கு வயது. அவள் அம்மா இறந்தபிறகு என் வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் என் மனைவியின் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். என் குடியிருப்புக்கு வேறு குழாய். மச்சானின் தெரு முழுவதற்கும் இந்தப் படுகையின் தண்ணீர். முந்தின நாள் ஞாயிறு, பார்க்கப் போயிருந்தேன். டம்ளரை என்னிடம் நீட்டி, "அப்பா, இது ஆஸ்பத்திரி தண்ணி" என்றாள். நான் அக்கா என்று கூப்பிடும் மச்சானின் மனைவி எனக்குக் கண்ணைக் காட்டினார். பிள்ளை அம்மாவை நினைக்கிறாள் என்று அதற்குப் பொருள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஃபீனாலும், குடிதண்ணீரில் கலக்கும் குளோரினும் சேர்ந்தால் மருத்துவமனை வாசனைதான் வரும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் படித்தது.

மண்படுகை ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கிறது. தகரக் கூரை போட்ட நீளமான சிமெண்டுத் தொட்டி. உள்ளே மண்ணும் மணலும், அவற்றில் ஃபீனாலைத் தின்னும் பாக்டீரியாவும். மச்சான் குறுக்குப் பலகைமேல் நின்று வாரியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். இந்தப் படுகையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

"வா மாப்ள. என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"மச்சான், படுகைல ஏதாவது மாத்தினீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டியா? நானே சொல்லலாம்னு இருந்தேன். பாக்டீரியா எண்ணிக்கைய பாத்தல்ல? குளிர் ஆரம்பிச்சப்ப ஒரு ஈ காக்கா இல்ல. இப்ப பஸ் ஸ்டாண்டு கூட்டம்."

"என்ன போட்டீங்க?"

"பாகு. சர்க்கரை ஆலைல கறுப்பா மிஞ்சுமே, அதான். சும்மா குடுக்கறான். காலைல ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி." வாரியை ஊன்றிக்கொண்டார். "தங்கச்சி வளத்த பிள்ளைங்க மாப்ள. அவ இல்லன்னு பட்டினி போட்டுட்டோம்னு இருக்கக்கூடாது பாரு."

தொழிற்சாலை மண்ணிலிருந்து இந்த பாக்டீரியாவைப் பிரித்து எடுத்தவள் என் மனைவி. படுகையை அமைத்ததும் அவள்தான். எப்போது கிளற வேண்டும், எவ்வளவு ஈரம் வேண்டும், காற்றுக் குழாயை எப்படித் திறக்க வேண்டும் என்று அண்ணனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். இனிப்புப் போடாதே என்று மட்டும் சொல்லவில்லை. போடுவார் என்று யார் நினைப்பார்கள்.

எனக்குச் சொல்லியிருக்கிறாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, சோப்புக் கையை ஆட்டிக்கொண்டே. ஃபீனால் ஒரு கார்பன் வளையம். அதை உடைக்க இவற்றிடம் நொதிகள் உண்டு. அந்த நொதிகளைச் செய்யும் மரபணுக்கள் சும்மா திறந்து கிடப்பதில்லை. ஃபீனால் உள்ளே நுழைந்து ஒரு புரதத்தில் போய் ஒட்ட வேண்டும். ஒட்டியதும் அந்தப் புரதம் மரபணுவை முடுக்கும். அதற்குப் பிறகுதான் நொதி, பிறகுதான் வளையம் உடையும். ஆனால் சுலபமாகச் செரிக்கும் ஏதாவது பக்கத்தில் இருந்தால் வேறொரு புரதம் வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஃபீனால் வாசலிலேயே நின்றாலும் கதவு திறக்காது.

"இதுங்க ஒண்ணும் தியாகிங்க இல்ல" என்பாள். "வேற வழியில்லாம விஷத்த திங்குதுங்க. வாய்க்கு ருசியா ஒண்ணு கிடைச்சா உன்னையும் என்னையும் திரும்பிப் பாக்காது."

அதைத்தான் மச்சானிடம் சொன்னேன். சுருக்கமாக. அவர் சிரித்தார்.

"அதான் இத்தனை கோடி இருக்கே மாப்ள. ஆளுக்கு ஒரு வாய் கடிச்சாலும் தீந்துருமே."

"ஒண்ணுகூட கடிக்கல மச்சான். எல்லாம் பாகு குடிச்சிட்டு உக்காந்திருக்கு. விஷம் அப்படியே தாண்டிப் போகுது. கரித்தொட்டி ரெண்டு மூணு நாள் பிடிச்சு வச்சிருந்திருக்கும். இப்ப அதுவும் நிரம்பிருச்சு."

"எங்க போகுது?"

கேட்டுவிட்டு, அவர் தகரக் கூரைக்கு வெளியே, தன் தெரு இருந்த பக்கம் பார்த்தார். வாரி கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

"உங்க அக்கா சொல்லிட்டே இருந்தா" என்றார் மெதுவாக. "தண்ணி ஒரு மாதிரி மருந்து வீசுதுன்னு. நான்தான் குளோரின் தூக்கலா இருக்கும்னு குறைச்சு வச்சேன்."

தெருவுக்குப் போகும் வால்வு இரும்புச் சக்கரம். மேலிடத்தில் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. இருவரும் சேர்ந்து முறுக்கினோம். மூடிய பிறகுதான் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் ஏதோ கத்தினார். என்ன சொன்னார் என்று நினைவில்லை. மச்சான் வண்டியைக் கிளப்பியிருந்தார். ஏறிக்கொண்டேன்.

வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சின்னப்பிள்ளைக்கு என்ன செய்யும் அது?"

"எவ்வளவு குடிச்சிருக்கான்னு பாக்கணும்."

"அவதான் தண்ணியே குடிக்க மாட்டேங்கறாளே. முகத்தையே திருப்பிக்கறா." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தெம்பு வந்தது. எனக்கும் வந்தது. குடிக்கவில்லை, குடிக்கவில்லை என்று வண்டிச் சத்தத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் வேலை நேரத்தில் வந்து நின்றதைப் பார்த்து எழுந்தார்.

"எலி எங்க அக்கா?"

"தூங்குறா தம்பி. ரெண்டு நாளா மந்தமாவே இருக்கா. வாயில புண்ணு வேற. சூடுன்னு நினைக்கறேன்."

"தண்ணி குடிச்சாளா?"

"அத ஏன் கேக்கற. வெறுந்தண்ணிய கண்டா ஓடுறா. ஆரஞ்சுப் பொடி கலந்து குடுத்தேன் பாரு, வாசமும் தெரியல, ஒண்ணும் தெரியல. ஒரு ஜக்கு குடிச்சிட்டு இன்னும் குடுங்கறா. வியாழக்கிழமைலேர்ந்து அதான் ஓடுது." அக்கா எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்ன தம்பி?"

மச்சான் மேசைமேல் இருந்த ஜக்கைப் பார்த்தார். அடியில் கொஞ்சம் ஆரஞ்சுத் தண்ணீர் இருந்தது. அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

எலி சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள். கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். தோளைப் பிடித்து அசைத்தேன். கை தொங்கியது. சமையலறைத் தரையில் அவள் அம்மாவின் கையும் இப்படித்தான் தொங்கியது. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்து, விளக்கம் கேட்க நேரம் கொடுக்காமல் போனவள். அன்றிலிருந்து எனக்கு எதுவும் பெரிதாகத் தைக்கவில்லை. சாப்பாடு, வேலை, மற்றவர்கள் அழுவது எல்லாம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடந்தன. இப்போது அந்தக் கண்ணாடி இல்லை. அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"எலி."

முகத்தைச் சுளித்தாள். "விடுப்பா, தூக்கம் வருது."

வாயைத் திறக்கச் சொன்னேன். உதட்டின் உட்புறமும் நாக்கின் ஓரமும் வெந்தது போல வெளுத்திருந்தன.

"மூத்திரம் கறுப்பா போச்சு தம்பி" என்றார் அக்கா பின்னாலிருந்து. "பொடில போட்ட சாயம்னு நினைச்சேன்."

மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சிறுநீரை ஒரு சின்னப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஃபீனால் என்று நான் சொன்னதும் திரும்பினார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தத் தண்ணி நிலையத்துல வேலை பாக்கறேன்."

"அப்ப அந்தத் தெருவுல மத்தவங்க?"

"வால்வை மூடிட்டோம். வீடு வீடா சொல்லப் போயிருக்காங்க." அதைச் செய்துகொண்டிருந்தவர் மச்சான். ஒவ்வொரு கதவாகத் தட்டி, தண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டு, காரணமும் தான்தான் என்று சொல்லிக்கொண்டு போனாராம். ஒரு வீட்டில் அடி விழுந்திருக்கிறது. பிறகு அக்கா சொல்லித் தெரிந்தது.

"பெரியவங்களுக்கு வயித்தக் கலக்கிட்டுப் போயிரும்" என்றார் டாக்டர். "இந்த எடைக்கு கிட்னிய பாத்துத்தான் சொல்லணும். ரிசல்ட் வரட்டும்."

எலியின் கையில் ஊசி ஏறியிருந்தது. அவள் அழவில்லை. அழுதால் வாய் எரிகிறது என்று கண்டுபிடித்திருந்தாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று மெதுவானால் குனிந்து அவள் மூக்கருகே காதை வைத்தேன். செவிலி வந்து, "நீங்க கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க சார், உங்களுக்கும் ஒரு கட்டில் போட வேண்டி வரும்" என்றார். நான் போகவில்லை.

ரிசல்ட் வந்தபோது டாக்டர் தாளை நின்றுகொண்டே படித்தார். படிக்கும்போது மூக்கைச் சொறிந்தார். எல்லாம் அந்த மூக்கில் இருப்பது போல அதையே பார்த்தேன்.

"கிட்னி தாங்கிருச்சு. புண்ணு ஆற நாளாகும். கூட்டிட்டுப் போகலாம், ஆனா மறுபடி வந்து காட்டணும். இப்போதைக்குப் பயமில்ல."

இப்போதைக்கு என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

எலி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். பகலில் அக்கா வந்து பார்த்துக்கொள்கிறார். மச்சான் தெருவுக்கு லாரியில் தண்ணீர் போகிறது. பாகை நிறுத்திப் படுகையைப் பட்டினி போட்டிருக்கிறோம். இரண்டாவது குழாய் இன்னும் சிவக்கிறது. இனிப்பால் பெருகியவை என் மனைவி வளர்த்தவையா, இல்லை, வளையத்தை உடைக்கவே தெரியாமல் வெளியிலிருந்து வந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டவையா என்று சொல்ல முடியவில்லை. மச்சான் கேட்பதில்லை. நான் குழாயைத் தூக்கிப் பார்க்கும்போது வாசலில் நின்று என் முதுகைப் பார்க்கிறார்.

நேற்று மாலை எலிக்குத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நீ குடி" என்றாள்.

குடித்தேன்.

"ஆ காட்டு."

காட்டினேன். டாக்டர் செய்தது போல என் தாடையைப் பிடித்து, நாக்கை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நகர்த்தச் சொல்லிப் பார்த்தாள்.

"இப்ப குடிக்கறியா?"

"இரு. கொஞ்ச நேரம் ஆகட்டும்."

டம்ளரை எங்களுக்கு நடுவில் தரையில் வைத்தாள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அசையாமல் உட்கார்ந்தேன். வாய்க்குள் நாக்கைத் துழாவித் துழாவி, ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடிக்கொண்டே.