துடைப்பம் இழுத்த தளம்

திறப்பு விழா நடந்த சனிக்கிழமை பிற்பகல் நான்கு பத்துக்கு ஆல்டர்வில் ஸ்கேட் பூங்காவில் முதல் ஆள் விழுந்தாள். எலுமிச்சைச் சாறு மேசையருகே நின்றிருந்த வெண்டல் கார்வியின் முழங்கைத் தோல் உரிந்தது. விழுந்தவள் மார்னி, பல் மருத்துவரின் உதவியாளர். சிமென்ட் தளத்தில் ஆறடி தேய்ந்துகொண்டு போனவள் எழுந்து கைகளைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. பூங்காத் துறை மேலாளரான வெண்டல், சட்டையில் ஊறிய ரத்தத்தைக் காகிதத் துண்டால் மூடிக்கொண்டார்.

தளம் சொரசொரவென்று இருந்தது. இருக்கக் கூடாது. தளத்தைத் தேர்ந்தெடுத்த ஊர்க் கூட்டத்துக்கு மார்னி மூன்று சிமென்ட் பாளங்களைக் காரில் கொண்டுவந்திருந்தாள். ஸ்கேட் என்ற சக்கரப் பலகை ஓட்டுபவர்கள் தரையைக் கண்ணால் பார்ப்பதில்லை, உள்ளங்கையால் தடவுவார்கள். எல்லோரும் தடவினார்கள். கண்ணாடிபோல் இழைத்த பாளமும் இரும்பு விளிம்பு வைத்த வளைந்த சரிவுகளும் முடிவாயின. வெண்டல் மட்டும் கால்சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. முப்பது வருடம் நடைபாதை போட்டவர். ஒன்பது மாதம் மழை பெய்யும் ஊரில், வழுக்காமலிருக்க ஈரச் சிமென்டில் துடைப்பம் இழுத்து வரி போடாமல் அவர் ஒரு தளத்தையும் காயவிட்டதில்லை. கொத்தனார் லியாண்ட்ரோ இழைத்து முடித்த காலையில், ஈரம் போகுமுன் அங்கே போய் நின்றார்.

“இது நடைபாதை இல்ல வெண்டல்,” என்றார் லியாண்ட்ரோ.

“மழைக்கு வழுக்கும்ப்பா. இழு.”

லியாண்ட்ரோ இழுத்தார். திறப்பு விழாவில் மார்னி குனிந்து தளத்தைத் தடவிவிட்டு, யார் செய்த வேலை இது என்று கேட்டாள். கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும் என்றார் வெண்டல். முந்நூறு பேர் திரும்பி லியாண்ட்ரோவைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். அதன்பின் அந்த மாவட்டத்தில் யாரும் அவரைத் தளம் போடக் கூப்பிடவில்லை. ஒரு நாற்றுப்பண்ணையில் செடித்தொட்டி சுமக்கப் போனார்.

ஏழு வருடம் வெண்டல் கோடையிலும் முழுக்கைச் சட்டை போட்டார். பிள்ளைகள் அதிகம் விழும் பள்ளி விடுமுறைகளில் குப்புறப் படுத்தார். மருத்துவர் சிராய்ப்பு என்று எழுதிக் களிம்பு கொடுத்தார். விழுந்தால் அடிபடாத பூங்கா என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்தார்கள். சக்கரங்கள் அதிர்ந்து ஓட்டுபவர்களின் பல் ஆடியது. தோல் மட்டும் போகவில்லை. எட்டாம் வருடம் தளத்தை மாற்றலாமா என்று கூட்டம் போட்டபோது, யாருக்கும் காயமில்லையே, இருக்கட்டும் என்றார்கள். வெண்டல் எழுந்து சட்டையைக் கழற்றினார். பழையதும் புதியதுமாக முதுகு முழுக்க வரிவரியாகக் கிடந்தது.

“துடைப்பம் இழுக்கச் சொன்னது நான்தான். லியாண்ட்ரோ வேணாம்னான்.”



“அப்போ என் பல்லு ஆடுனதுக்கும் நீங்கதானா?” என்றாள் மார்னி. “ஏழு வருஷமா எங்க டாக்டரு என்னைத்தான் திட்டுறாரு.”

லியாண்ட்ரோவைத் தேடிப்போய் அழைத்து வந்தார்கள். பழைய தளத்தை உடைத்து, புதிதாகப் போட்டுக் கண்ணாடிபோல் இழைத்தார். வெண்டலுக்குக் காயம் நிற்கவில்லை, சிறிதானது. ஊர் பழகிக்கொண்டது. விழுந்த பிள்ளைகள் வெண்டலின் வீட்டுப் பக்கம் திரும்பி, “சாரி வெண்டல்” என்று கத்திவிட்டுப் பலகையை எடுத்தார்கள்.

புதிய தளம் திறந்து ஒரு வாரம் கழித்து, லியாண்ட்ரோ சரிவின் விளிம்பில் ஒட்டியிருந்த சிமென்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெண்டல் பக்கத்தில் உட்கார்ந்து முதல்முறையாகத் தளத்தில் உள்ளங்கையை வைத்தார். சற்றுத் தள்ளி ஒரு சிறுமி விழுந்தாள். வெண்டலின் கால்சட்டையில் முழங்காலருகே சிவப்பு ஊறியது. லியாண்ட்ரோ தன் துணியை எடுத்து நீட்டினார்.

“கூட்டத்துல சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன்,” என்றார். “அங்க பதினோரு பேர் இருந்தாங்களாம். திறப்பு விழாவுல முந்நூறு பேர். மிச்சப் பேர்கிட்ட யார் சொல்லுவா வெண்டல்?”