துலாபாரத்தில் குறைந்த எடை

எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் ஆசிரியைகளுக்கென்று வடம் இழுக்கும் போட்டி ஒன்று நடத்துவது வழக்கம். அவ்வாண்டு, கணக்கு ஆசிரியையாகிய என்னை வடத்தின் கடைசியில் நிறுத்தினார்கள்.

"அனந்தலக்ஷ்மி டீச்சர் இழுக்கவே வேண்டாம். சும்மா நின்னா மதி, அது போதும்," என்றார் தலைமையாசிரியை.

நின்றேன். எதிரணியினரால் என்னை ஒரு விரற்கடை கூட நகர்த்த இயலவில்லை. வென்றோம், எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர்கள் நல்லெண்ணத்துடனேயே தட்டினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், கரமனையில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஜட்காவில் திரும்பும்போது ஒன்று தோன்றியது. என் இடத்தில் ஒரு மைல்கல்லை நட்டிருந்தாலும் அவர்கள் வென்றிருப்பார்கள்.

மறுநாள் டிரில் ஆசிரியை ஞானபாயிடம் சென்றேன். அவர் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்மணி, என்னைவிட இளையவர்.

"எனக்கு நிக்கவேண்டாம், இழுக்கணும். அதுக்கு என்ன பண்ணணும்?"

ஞானபாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

"மொதல்ல ஜட்காவ நிறுத்துங்க டீச்சர். வீட்லேருந்து நடந்து வாங்க. மிச்சத்தப் பொறவு பாப்போம்."

நடந்தேன். தொடக்கத்தில் பழவங்காடிப் பிள்ளையாரைத் தாண்டுவதற்குள் மூச்சு முட்டிவிடும். தேங்காய்க் கடைக்காரர் இரக்கப்பட்டு முக்காலியை நகர்த்திப் போடுவார். "ரொம்ப உபகாரம்" என்று சொல்லிவிட்டு நின்றபடியே இளைப்பாறுவேன். உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனம் வராது என்று அஞ்சினேன். சில வாரங்களில் அந்த முக்காலி தேவைப்படவில்லை. பிறகு பள்ளி விட்டதும், மைதானத்தில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிறு தாண்டினேன். மரக் கர்லாக்கட்டையைச் சுழற்றினேன். ஒருநாள் ஓடவும் செய்தேன். வீட்டில் இரண்டாம் முறை நெய் விட வந்தால் இலையைக் கையால் மறைத்தேன். ஒருநாள் மாடியில் இருந்த வகுப்பறைக்குள் நுழைந்த பிறகுதான், படிகளில் எங்குமே நிற்காமல் ஏறி வந்திருப்பது எனக்கு உறைத்தது. சாக்குக்கட்டியைக் கையில் எடுத்தும், எழுதாமல் சற்று நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு மகிழ்ச்சி.

என் தாயாருக்கு மகிழ்ச்சி இல்லை.

அதன் காரணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பதினோரு வயதில் எனக்கு டைபாய்டு கண்டது. பிழைத்தால் என் எடைக்கு வெல்லம் வைத்துத் துலாபாரம் செய்வதாக அம்மா தெருக்கோடிக் கிருஷ்ணனுக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்தேன். அப்பா காலமானதால் அந்த வேண்டுதல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போயிற்று. இதற்கிடையில் அம்மா ஊட்டினாள்; நான் பருத்தேன். என் சதை முழுவதும் பகவானின் பிரசாதம் என்பதே அவளது நம்பிக்கை. இப்போது வரும் மேடமாதத்தில், அதாவது சித்திரையில், வேண்டுதலை முடிக்க நாள் குறித்திருந்த வேளையில்தான், நான் இளைக்கத் தொடங்கியிருந்தேன்.

கோயில் காரியங்களைக் கவனிக்கும் சேஷன் மாமா, என் தாயாரின் தம்பி, ஒரு மாலையில் எனக்குப் புத்தி சொல்ல வந்தார்.

"கேட்டயா அனந்தம், இந்த ஓட்டமும் சாட்டமும் மேடம் வரைக்கும் நிறுத்திக்கோ. துலாபாரம் கழிஞ்சா, பின்னே நீ ரெயில் வண்டிக்கு முன்னாலே கூட ஓடலாம். ஸ்வாமிக்குச் சேரவேண்டியதை நீ மைதானத்திலே கரைச்சுண்டிருக்காய்."

"மாமா தப்பா நெனைச்சுக்கப்படாது. அம்மா நேர்ந்துண்டப்போ நான் எலும்பும் தோலுமாக்கும் இருந்தேன். அன்னிக்கே செஞ்சிருந்தா இதிலே பாதி கூட ஆயிருக்காது."

"ஸ்வாமி கிட்டேயா உன் கணக்கு?"

அம்மா அடுக்களை வாசலிலிருந்து பேசினாள்.

"கண்ணாடியிலே பாத்தயோடி? க்ஷீணிச்சு, கன்னம் ஒட்டி, அந்தக் காய்ச்சல் முகம் திரும்பி வந்திருக்கு. எத்தனை நெய் ஊத்தி அதை விரட்டினேன் நான். ஓடினது மதி, அனந்தம்."

அவள் இட்ட ஒவ்வொரு கவளமும் அச்சத்தில் பிசைந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். அவளுடைய அச்சத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதற்குக் காவலாக என் உடம்பைச் சுவராக எழுப்பிக் கொடுக்க என்னால் இயலாது.

"நிறுத்த மாட்டேன் அம்மா," என்றேன். மறுநாளும் ஓடினேன்.

துலாபார நாளன்று தெருவே திரண்டிருந்தது. கோயில் முற்றத்தில் பெரிய தராசு தொங்கியது. சாலைக் கடைத்தெருவிலிருந்து என் பழைய எடையை உத்தேசித்து வாங்கிய வெல்லம் ஒரு தட்டில் குவிந்திருந்தது. மறு தட்டில் நான் அமர்ந்தேன். என் தட்டு மேலேயே நின்றது. கூட்டத்தில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அப்போது சேஷன் மாமாவும் வண்டிக்கார வேலாயுதனும், பட்டுத் துணியில் சுற்றிய ஒரு சுமையை இருபுறமும் பிடித்துத் தூக்கி வந்து என் மடியில் இறக்கினார்கள். துணிக்குள் இருந்தது எங்கள் வீட்டு ஆட்டுக்கல் குழவி. அம்மா குனிந்து என் காதருகே சொன்னாள்: "வெச்சுக்கோ கோந்தே. யாருக்கும் தெரியாது. ஸ்வாமிக்குக் குறையப்படாது."

"ஸ்வாமிக்குமா தெரியாது, அம்மா?"

நான் தட்டிலிருந்து இறங்கினேன். குழவியை இரு கைகளாலும் மார்போடு அணைத்துத் தூக்கிச் சென்று, எல்லோரும் காணும்படி கொடிமரத்துக்கு அப்பால் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"அம்மா நேர்ந்துண்டது என்னைத்தான், மாமா. நான் வந்திருக்கேன். கல்லை யாரும் நேர்ந்துக்கலை."

"எல்லாரும் பாக்கறா, அனந்தம்."

"பாக்கட்டும், மாமா. நன்னாப் பாக்கட்டும்."

மீண்டும் அமர்ந்தேன். அம்மா தராசின் சங்கிலியைப் பற்றிக்கொண்டு நின்றாள். அவள் கண் கொடிமரத்துப் பக்கம் கிடந்த குழவிக்குப் போயிற்று. பிறகு என் தோளுக்கு வந்தது. கையை நீட்டி என் புஜத்தை, கடையில் காய் பொறுக்குபவள் போல, அழுத்திப் பார்த்தாள்.

"கல்லு மாதிரின்னா இருக்கு," என்றாள், தனக்குத்தானே. பிறகு அர்ச்சகரிடம் திரும்பினாள். "வெல்லத்தைக் கொறைங்கோ."

ஒவ்வொரு கட்டியாக எடுத்துக் கூடையில் போட்டார்கள். தட்டுகள் நேராக நின்றபோது கூடை ஏறக்குறைய நிறைந்திருந்தது.

"மிச்சத்தையும் ஸ்வாமி நடையிலே வெச்சுடு அக்கா, ஊர் கேலி வேண்டாம்," என்றார் சேஷன் மாமா.

"எதுக்குடா? அவ எடை கொடுத்தாச்சு. இது ஆத்துக்கு."

வேலாயுதன் கூடையை எடுக்க வந்தான். வேண்டாம் என்று பணிவுடன் சொல்லி, நானே அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினேன். நான் நினைத்ததைவிட அது கனமாக இருந்தது. பாதித் தெருவில் கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். எதிர்வீட்டுச் சொர்ணம்மாள் மாமி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்னடி பயில்வான், முடியலையோ?"

"கனக்கறது மாமி. இத்தனை வருஷம் இதையும் சுமந்துண்டாக்கும் இந்தத் தெருவிலே நடந்தேன். அப்போ ஒருத்தரும் முடியறதான்னு கேக்கலை."

மாமி ஜன்னல் கதவைப் பாதி சாத்தினார். நான் கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வீடு வரை நடந்தேன்.