தாத்தா வெட்டிய ஓடை

ஓய்வுபெற்ற பேராசிரியர் தன் ஊர் ஓடையின் வரலாற்றை எழுதி முடித்து, அச்சிட ஆள் கிடைக்காமல் பல வருடம் அலைந்தார். குன்றின் பாறையிடுக்கில் ஊறும் ஊற்று, நாணல் காடு, செங்கல் அறுக்க முதலில் குடியேறியவர்கள், காணாமல் போன நீர்நாய்கள் என்று ஒன்றையும் விடவில்லை. ஓடைத் தண்ணீரை நம்பி நாற்றுப் பண்ணை நடத்தும் சொந்தத் தங்கைக்கும் நாலு வரி கொடுத்திருந்தார்.

கடைசியில் நகரசபைத் தலைவர் செலவை ஏற்க முன்வந்தார். பக்கங்களைப் புரட்டியவர் உதட்டைப் பிதுக்கினார்.

"நீர்நாய்கூட இருக்கு சார். எங்க தாத்தாவக் காணோமே?"

"அவரு ஓடைக்கு என்ன பண்ணினார்?"

"வெட்டினாருன்னு போடுங்களேன். நீர்நாய் வந்து கேஸா போடப் போகுது?"

பேராசிரியரின் மனசாட்சி ஒரு பகல் முழுக்க முரண்டு பிடித்தது. வெளியீட்டு விழாவில் நடு நாற்காலி அவருக்குத்தான் என்றதும் அடங்கிவிட்டது. ஊற்று வெளியே போனது. தாத்தா மண்வெட்டியோடு உள்ளே வந்தார்.

விழா ஜோராக நடந்தது. அடுத்த கோடையில் ஓடையை மூடிக் கடைகள் கட்டத் தலைவர் கிளம்பினார். இயற்கை நீரோடையை மூடச் சட்டம் விடாது என்று தங்கை ஆட்சேபித்தாள். விசாரணை அதிகாரி முன்னால் தலைவரின் வக்கீல் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது ஓடையே இல்லீங்க, வெட்டின வாய்க்கால். வெட்டின குடும்பமே மூடுது. எழுதினவரு இந்தம்மாவோட கூடப்பிறந்தவரு."

தங்கை திரும்பினாள். "எழுந்து சொல்லுண்ணே. அந்த ஊத்துல நாம குப்புறப்படுத்துத் தண்ணி குடிச்சதில்ல?"

பேராசிரியர் எழுந்தார்.

"அப்போ புத்தகத்துல இருக்கிறது பொய்யா சார்?" என்றார் அதிகாரி, மரியாதையாகவே.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "இது மேலும் ஆய்வுக்குரிய விஷயம்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

வாய்க்கால்தான் என்று தீர்ப்பானது. லாரி லாரியாக மண் கொட்டினார்கள். ஊற்றுக்கு அந்தத் தீர்ப்பு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. முதல் மழையிலேயே தண்ணீர் போக வழியில்லாமல் தங்கையின் பண்ணைக்குள் ஏறிவிட்டது. மூடிய வாய்க்காலில் தண்ணீர் வர வாய்ப்பே இல்லை என்று நகரசபை அவள் புகாரைத் திருப்பி அனுப்பியது.

முழங்கால் தண்ணீரில் நின்று அழுகிய நாற்றுகளை வாரிக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே பேராசிரியர் பேண்ட்டை மடித்துவிட்டார்.

"நீ இறங்காதே" என்றாள் தங்கை, தலை நிமிராமல். "செருப்பு நனைஞ்சுடும்."

அவர் இறங்கவில்லை.