ஐந்தாம் வரிசையில் தொடங்கும் அரங்கம்

5

அச்சகத்துக்காரர் மேல் கோபப்பட வேண்டாம். இந்தக் கதை ஐந்தில்தான் தொடங்குகிறது. ஒன்று முதல் நான்கு வரை எங்கே என்று கேட்பீர்கள். கேளுங்கள். கேட்காமல் விட்டதால் வந்த வினைதான் இவ்வளவும்.

முதலில் இது எங்கிருந்து கிடைத்தது என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வீட்டுச் சமையலறையைப் பெரிதாக்கிக் கட்ட அனுமதி வாங்க நகரசபை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நானே போட்ட வரைபடம். மூன்றாவது மேசைப் பெண்மணி, அளவு டேப்பை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டியிருந்தவர், அதை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த மூலை உங்க வீட்ல நெஜமாவே இவ்வளவு நேரா இருக்கா?"

"இல்லைங்க, கொஞ்சம் கோணல். பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு நேராக்கிட்டேன்."

"கோணலா இருந்தா கோணலாவே வரைங்க சார். நேராக்கி நான் பட்ட பாடு போதும்."

என்ன பாடு என்று கேட்டுவைத்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொன்னார். என் சமையலறை இன்றுவரை அதே அளவில்தான் இருக்கிறது. வீட்டில் அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

(மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரை 'அவர்' என்றேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுவாள். மரியாதைக் குறைவல்ல, நெருக்கம். அலுவலகத்தில் அவளுக்கு 'டேப் மேடம்' என்று பெயர்.)

6

தொடக்கம், முதல் முயற்சி: 'ஆற்றங்கரையில் தொண்ணூறு ஆண்டுகளாக நின்ற அந்த விளையாட்டரங்கம் அன்று காலை சோகமாக—'

அடித்துவிட்டேன். கட்டடத்துக்கு ஏது சோகம்.

இரண்டாம் முயற்சி: 'ஆண்டுக்கு இருபத்திரண்டு நாள் சம்பாதித்து, முந்நூற்று அறுபத்தைந்து நாள் சாப்பிடும் அரங்கம் இது. யானையைக் கட்டித் தீனி போட நம்மால் ஆகாது.'

நல்ல வாக்கியம், ஆனால் என்னுடையதில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் அவள் எழுதிய அறிக்கையின் கடைசிப் பக்கம். 'இடிப்பதே சிக்கனம்' என்று முடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தாள். இடிக்கக்கூடச் சபையிடம் பணமில்லாததால் அரங்கம் பிழைத்துக் கிடந்தது.

இப்போது ஆற்றோர நிலத்துக்கு விலை ஏறிவிட்டது. இடித்துத் தர ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஊரிலோ எதிர்ப்பு. சபை ஒரு சலுகை தந்தது: மூன்று மாதம். புதுப்பித்தால் அரங்கம் சொந்தக் காலில் நிற்கும் என்று கணக்கோடு காட்டினால் விட்டுவிடலாம். காட்ட வேண்டியது யார்? பழைய அறிக்கையை எழுதியவளே. பிள்ளையைக் கிள்ளியவளிடமே தொட்டிலையும் ஆட்டச் சொன்னார்கள்.

அவளுக்கு இது எப்பேர்ப்பட்ட தலைவலி என்று பாருங்கள். பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. அரங்கம் நிற்காது என்றால் சிக்கலே இல்லை. நிற்கும் என்றால், நீ முன்பு எழுதியது என்ன என்று கேட்பார்கள்.

7

அடுத்து வருபவரைக் கதையில் சேர்ப்பதா என்று இரண்டு நாள் தயங்கினேன். மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர், முப்பது வருடமாகப் புல்தரையில் ரோலர் இழுப்பவர். ரோலர் அண்ணன் என்பார்கள். இப்படி ஓர் ஆளைக் கொண்டுவந்தால் உட்கார்ந்து புத்திமதி சொல்ல ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம். நேரில் போய்ப் பார்த்தேன். அவர் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. எல்லோரையும் திட்டுகிறார். சேர்த்துக்கொண்டேன்.

"அஞ்சாவது வரிசையில தண்ணி ஊறுது, எழுதிக்குங்க," என்றார் அவளிடம், மைதானத்தை ஒட்டிய வரிசையைக் காட்டி.

அவள் காகிதத்தைப் பார்த்தாள். "முன் வரிசைதானே? ஒண்ணுன்னு போட்டிருக்கு."

"உங்க பேப்பர்ல ஒண்ணு. கல்லுல அஞ்சு. எந்தப் புண்ணியவானோ மாத்தி வச்சிருக்கான்."

புண்ணியவான் இல்லை, புண்ணியவதி. ஏழு ஆண்டுகளுக்கு முன் வரிசை எண்களை வரைபடத்தில் ஏற்றும்போது, முன் வரிசையில் ஐந்து என்று கண்டு, 'கல்லில் எண் பொறித்தவர் பிழை, திருத்தப்பட்டது' என்று ஓரத்தில் குறித்து, ஒன்றிலிருந்து அழகாக அடுக்கியது அவள்தான். அளப்பவர்களுக்கே உள்ள நோய் அது. ஒழுங்கில்லாததைக் கண்டால் கை துறுதுறுக்கும்.

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. "அப்போ முதல் நாலு வரிசை எங்கேண்ணே?"

"எங்கப்பா காலத்துல மைதானத்துக்குள்ள புதைஞ்சு கிடக்குன்னு தோண்டியே பார்த்தாங்க. ஒண்ணும் கிடைக்கல. அந்தக் குழியை மூடினதுதான் மிச்சம்."

8

[இங்கே அவள் கனவில் அரங்கம் பேசுவதாக ஒரு பத்தி இருந்தது. நீக்கிவிட்டேன். அவள் கனவு காணவில்லை, அளந்தாள்.]

ஆற்றுப்பக்க வெளிச்சுவரிலிருந்து புல்லின் விளிம்புவரை முப்பத்தொரு மீட்டர். உள்ளே கேலரியை மட்டும் அளந்தால் இருபத்தேழு. நடுவில் நான்கு மீட்டரைக் காணோம். அவளுடைய பழைய அறிக்கையில் அதற்கும் பதில் இருந்தது: 'ஆற்றுப்பக்கச் சுவர், தடிமன் நான்கு மீட்டர்.' அதை இடிக்க எவ்வளவு கூலி என்றுகூடப் போட்டிருந்தாள்.

"நாலு மீட்டர் தடிமன்ல சுவர் கட்ட இது என்ன கோட்டையா?" என்று ரோலர் அண்ணன் சிரித்தார்.

அவர் அவசரப்பட்டுச் சிரித்துவிட்டார். கேலரிக்கு அடியில், முப்பது வருடமாக அவர் தன் ரோலரைச் சாய்த்துவைத்த அதே செங்கல் அடைப்பைத்தான் அவள் உடைக்கச் சொன்னாள். உரிய அனுமதி வாங்கி நான்கு பேர் ஒரு காலைப்பொழுது முழுக்க உடைத்தார்கள். அடைப்புக்குப் பின்னால் வளைவு வாசல். அதற்கு அப்பால் மண். மண்ணைச் சரித்ததும் ஓர் அகலமான கல்படி தெரிந்தது, ஆற்றைப் பார்த்தபடி. ரோலர் அண்ணன் மண்டிபோட்டுத் தன் துண்டால் துடைத்தார்.

நான்கு.

அரங்கத்தைக் கட்டியவர்கள் வரிசையை ஆற்றிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். படகில் வந்து இறங்கி, நான்கு படி ஏறி, வளைவுக்குள் நுழைந்தால் மைதானம். அங்கே முதலில் இருப்பது ஐந்தாம் வரிசை. பின்னால் வந்தவர்கள் ஏதோ ஒரு வெள்ளத்துக்குப் பயந்து, நீரோரம் சுவரெழுப்பி, நடுவே மண்ணைக் கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள்.

அவள் அழுதாள். எதற்கு என்று நான் கேட்டதற்கு, "சந்தோஷந்தான் சார், வேறென்ன," என்றாள்.

9

படி கிடைத்தால் போதுமா? படி சோறு போடுமா?

இதைக் கேட்டது சபை இல்லை, அவளுடைய நாத்தனார். பயணிகள் படகில் டிக்கெட் கொடுக்கும் வேலை. வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"அண்ணி, எங்க படகுத்துறையில தினம் ஆறாயிரம் பேர் கால் கடுக்க நிக்கறாங்க. உட்கார ஒரு பலகை இல்ல. உங்க படிக்கட்டுக்கு வாடகை எவ்வளவு சொல்லுவீங்க?"

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"மேட்ச் இருபத்திரண்டு நாள்தான். படகு தினமும் வரும்ல," என்றாள் நாத்தனார். "அரங்கத்தோட முகம் அது பாட்டுக்கு விளையாடட்டும். ஆத்துப்பக்க முதுகு சம்பாதிக்கட்டும்."

இந்த வரி நான் எழுதியதாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அடுத்த ஆறு வாரம் அண்ணியும் நாத்தனாரும் சாப்பாட்டு மேசையில் போட்ட கணக்குதான் புதிய அறிக்கை. படகுத்துறை வாடகை, கேலரிக்கு அடியில் ஆற்றைப் பார்த்த பன்னிரண்டு அறைகளில் கடைகள். பராமரிப்பு போக மிச்சம். புதுப்பிக்கும் செலவு பதினோரு ஆண்டில் திரும்பிவிடும். பயணிகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் பதினாலு.

10

சபைக் கூட்டம். இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். தலைவரின் கேள்வி மூன்றிலும் ஒன்றே: "ஏழு வருஷத்துக்கு முன்னாடி இடிக்கச் சொன்னது யாரு?"

(அ) 'கட்டியவர்கள் போட்ட வரைபடம் எதுவும் சபையில் இல்லை' என்கிறாள். உண்மைதான், பாதி உண்மை. பதவி உயர்வு கையில்.

(ஆ) பேசாமல் நிற்கிறாள். என் நண்பர் ஒருவர் இதையே வைக்கச் சொன்னார். கதை நல்லபடியாக முடிந்தால் அவருக்கு அன்று தூக்கம் வராது.

(இ) நடந்தது.

"நான்தாங்க," என்றாள். "கல்லுல அஞ்சுன்னு இருந்துச்சு. நான் பிழைன்னு நெனச்சு ஒண்ணுன்னு திருத்திட்டேன். யாரையும் கேட்கல. மைதானத்துல முப்பது வருஷமா இருக்கிறவரைக்கூடக் கேட்கல. அந்த ஒரு திருத்தத்தால நாலு வரிசை காணாமப் போச்சு. தப்பு என்னுது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த அறிக்கையில மட்டும் தப்பு இருக்காதுன்னு எப்படிம்மா நம்பறது?"

"இருக்கலாம். அதான் இந்தத் தடவை எதையும் நேராக்கல. புரியாத இடத்துல புரியலைன்னே எழுதியிருக்கேன். மொத்தம் பதினேழு இடம், அறுபதாம் பக்கம். வெள்ளம் வந்தா வளைவுக்கு இரும்புக் கதவு, அந்தச் செலவு நாற்பத்தொண்ணாம் பக்கத்துல."

தலைவர் அறுபதாம் பக்கத்தை முழுக்கப் படித்தார். "என் சர்வீஸ்ல," என்றார், "புரியலைன்னு எழுதின அறிக்கையை இப்பத்தான் பார்க்கறேன்." சொல்லிவிட்டு முதல் கையைத் தூக்கினார்.

ஒன்பது கைகள். எதிராக இரண்டு. பார்வையாளர் பக்கத்திலிருந்து ரோலர் அண்ணன் அடித்த விசிலில் காவலாளி ஓடிவந்தார். நாத்தனார் மேசையைத் தட்டினாள். எழுதும்போது நானும் என் மேசையைத் தட்டினேன். பக்கத்து அறையிலிருந்து என்ன சத்தம் என்றார்கள். ஜெயித்துவிட்டாள் என்றேன்.

(பதவி உயர்வு அடுத்த பெயருக்குப் போனது. இதை மறைத்தால் நானும் நேராக்கியவன் ஆவேன். "போகட்டும் சார், படி இருக்கே," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.)

இனி வளைவைத் தாண்டி இறங்குவோம்.

4

வெளிச்சுவர் போய்விட்டது. கழுவிய கல் வெயிலில் காய்கிறது. ரோலர் அண்ணன் ரோலருக்கு வேறு இடம் தேடி எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

3

முதல் படகு வருகிறது. நாத்தனார் முன்னால் நின்று கத்துகிறாள்: "அண்ணி, இடம் போட்டு வையுங்க!" இறங்குகிறவர்களில் பாதிப்பேர் வேலைக்கு, மீதிப்பேர் ஆட்டத்துக்கு.

2

அவள் இன்னும் உட்காரவில்லை. டேப்போடு நின்றுகொண்டிருக்கிறாள், எதையோ அளக்க வந்தவள் மாதிரி. அவளை ஒன்றாம் வரிசையில் உட்கார வைத்து, ஆற்றில் காலை நனையவிட்டு முடிக்கலாம் என்று எழுதினேன். அழகாக இருந்தது. அந்த அழகைக் கண்டுதான் சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். அவள் எங்கே உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. புரியாத இடம், பதினெட்டு.

1

இந்த வரிசை உங்களுடையது. அவளைக் கூப்பிடுங்கள், வந்தாலும் வருவாள். பார்த்து இறங்குங்கள், படி ஈரமாக இருக்கும்.